பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க

பட்டி பாத்து உப்புத்தாள் போட்டு முடிச்ச சுவரு பகல்ல பாத்தா வழவழன்னுதான் தெரியும், பெயிண்ட்டும் அடிச்சு பெயிண்டருக்குக் காசும் குடுத்து அனுப்பிட்டு ராத்திரி சுவத்தோரமா இருக்குற லைட்ட போட்டீங்கன்னா மேடு பள்ளமெல்லாம் பல்ல இளிக்கும். எங்க வீட்டு ஹால்ல இப்பிடித்தான் ஆச்சு, ரெண்டு தடவ கூலி.

அதனால பிரைமருக்கு முன்னாடியே, இருட்டுனப்புறம் ரூம் லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு, டார்ச்ச சுவத்தோட ஒட்டி வச்சு வெளிச்சம் சுவத்து மேல வழுக்கிட்டுப் போற மாதிரி அடிங்க. மொபைல் டார்ச்சே போதும். நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, ஏன்னா சொரசொரப்பான பரப்புல வெளிச்சம் எவ்ளோ சாய்வா விழுதோ அதுக்கேத்த மாதிரி பிரகாசம் குறையும், லாம்பெர்ட்னு ஒருத்தர் 1760லயே எழுதி வச்ச கணக்கு இது. நேரா விழுற வெளிச்சத்துல 3 டிகிரி மேட்டுச் சரிவு அரை சதவீதம் கூட மாத்தாது, ஆனா சுவத்துலருந்து 10 டிகிரி மட்டும் விலகுற மாதிரி சாய்வா அடிச்சா மேட்டோட டார்ச் பாத்த பக்கம் அந்தப்பக்கத்த விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பளிச்சுனு தெரியும். விளிம்பு செங்குத்தா இருந்தா 1 மில்லிமீட்டர் திட்டுக்கே 5, 6 மில்லிமீட்டர் நிழல் விழும்.

பக்கவாட்டுல பாத்ததோட விட்டுறாதீங்க, மேலருந்து கீழயும் ஒரு தடவ அடிங்க, வெளிச்சம் போற திசையிலயே ஓடுற கோடு கண்ணுக்குத் தப்பிச்சிரும். தெரியுற இடத்தயெல்லாம் பென்சில்ல வட்டம் போடுங்க. பேனா வேணாம், மை பெயிண்ட்டத் தாண்டி வெளிய வரும். அப்புறம் பட்டி, காய விட்டு உப்புத்தாள், மறுபடி டார்ச்.

சரி பளபளப்பு இல்லாத மேட் (matte) ஃபினிஷ் அடிச்சா எல்லாம் மறைஞ்சிருமேன்னு கேப்பீங்க. ஓரளவுக்குத்தான். மேட் பெயிண்ட் வெளிச்சத்த எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், பளபளன்னு இருக்குற கிளாஸ் (gloss) பெயிண்ட் முகம் பாக்குற கண்ணாடி மாதிரி ஒரே பக்கம் திருப்பும், அதான் அதுல சின்ன வளைவு கூட காட்டிக் குடுத்துரும். ஆனா ஒரு சாதா வெள்ளப் பேப்பர கண்ணு மட்டத்துக்குத் தூக்கி ஜன்னலப் பாத்து ரொம்பச் சாய்வா பாருங்க, அதுவே லேசா மினுங்கும். கடைசியில ஜன்னல் இருக்குற நீள காரிடார்லயும் இதே கததான், மேட் அடிச்சாலும் சுவரு மினுங்கும். அங்க மட்டும் டார்ச் வேலைய ரெண்டு தடவ பண்ணுங்க.