குழலைத் திருப்பிப் பாருங்கள்: நகல் கேப் துப்பாக்கியை அடையாளம் காண்பது

பென்சில்வேனியாவில் ஒரு பழைய சாமான் சந்தையில், "தாத்தா காலத்துச் சரக்கு" என்று சொல்லி ஒரு கேப் துப்பாக்கியை (குழல் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டு, கேப் என்ற சிறு வெடிமூடியைத் தட்டிச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி) என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டில் குழலைக் கழற்றிப் பார்த்தால் அது என்னைவிட இரண்டு வயது இளையது. நீங்களும் ஏமாறாமல் இருக்க இது. மருந்து, ஈயக் குண்டு, கேப் எல்லாம் என்னவென்று தெரியும் என வைத்துக்கொள்கிறேன்.

1. கெட்டித்திருக்கிறதா (உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறதா)?

மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நிப்பிளில் (குழலின் பின்முனையில் கேப்பைச் செருகும் சிறு முனை) கேப் இல்லை என்பதால் உள்ளே மருந்து இல்லை என்று ஆகாது. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் கோலின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அதே கோலைக் குழலுக்கு வெளியே, கோடு வாய் விளிம்பில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். நுனி நிப்பிள் அருகே வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. சுட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

2. பெயரை நம்பாதீர்கள்

ஜேக்கப், சாமுவேல் ஹாக்கென் சகோதரர்கள் செயின்ட் லூயிஸில் துப்பாக்கி செய்தவர்கள். ஜேக்கப் 1849இல் இறந்தார். இன்று 'ஹாக்கென்' என்பது ஒரு பாணியின் பெயர், அவ்வளவுதான். 1970இல் தாம்சன்/சென்டர் என்ற அமெரிக்க நிறுவனம் தன் 'ஹாக்கென்' துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு ஆளாளுக்கு ஒன்று விட்டார்கள். பளபளக்கும் பித்தளை, திருகி ஏற்றி இறக்கும் குறிமுள் இரண்டும் இருந்தால் நகல் என்றே வைத்துக்கொள்ளலாம். குழல் மேல் இருக்கும் பெயர் பல நேரம் இறக்குமதி செய்தவருடையது, செய்தவருடையது அல்ல.

3. குழலின் கீழ்ப்புறம்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. குதிரையை (கேப்பைத் தட்டும் சுத்தியல்) பாதி நிமிர்த்தி, கட்டையில் குறுக்கே செருகிய ஆப்பைத் தள்ளி எடுத்து, குழலின் வாய்ப்பக்கத்தைத் தூக்கினால், குழலின் பின்முனையைக் கட்டையோடு மாட்டியிருக்கும் பின்கொக்கி கழன்று வரும். ஆப்பைத் தள்ள ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், கட்டை கீறிப்போகும். எனக்குப் பித்தளைக் குச்சிதான்.

என் குழலின் கீழ்ப்புறத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் AC என்று இருந்தது. செய்தவரின் இனிஷியல் என்று நினைத்து ஒரு வாரம் தேடினேன்! உண்மையில் அது, குழல் தாங்குமா என்று வெடித்துச் சோதிக்கும் இத்தாலியச் சோதனைச் சாலையின் ஆண்டுக் குறி. அங்கே 1974 வரை ரோமன் எண்; 1975க்கு AA, 1976க்கு AB, 1977க்கு AC. பக்கத்தில் PN இருந்தால் கருமருந்துக்குச் சோதித்தது என்று பொருள். ஸ்பெயின் குழல் என்றால் எய்பார் ஊர்ச் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். முத்திரையே இல்லையா? உடனே பழசு என்று குதிக்காதீர்கள். அமெரிக்காவில் அப்படி அரசு சோதனைச் சாலை கிடையாது.

4. உள்ளும் புறமும்

குழலுக்குள் சிறு விளக்கை இறக்கிப் பாருங்கள். எண்ணெய்த் துணியை மெல்ல இழுக்கும்போது குழலின் பின்முனைப் பக்கம் சிக்கினால் துரு அரித்திருக்கிறது. நான் வாங்க மாட்டேன். வெளியே மரத்துக்கும் இரும்புக்கும் இடையில் நகம் நுழைந்தால், யாரோ வீட்டில் கிட் (பாகங்களாக விற்கும் தொகுப்பு) வாங்கிப் பூட்டியதாக இருக்கலாம். அது குறையே இல்லை, விலையைக் குறைக்கக் கேளுங்கள்.

5. குதிரை, விசை, நிப்பிள்

பாதி நிமிர்த்திய குதிரை, விசையை இழுத்தாலும் விழக்கூடாது. விழுந்தால் வேண்டாம். இரட்டை விசை உள்ள சிலவற்றில் பின்விசையை முதலில் இழுத்தால்தான் குதிரை முழுதாக நிற்கும்; கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். நிப்பிள் மாற்றும்போது கவனம்: தாம்சன்/சென்டர் மரை கால் அங்குலம், இத்தாலி, ஸ்பெயின் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 6 மி.மீ. பலவந்தமாகத் திருகினால் மரை போச்சு.

பின்சேர்க்கை: "கோல் முன்பே நிற்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை" என்று இருவர் எழுதினார்கள். சில மாடல்களில் அடியில் இருக்கும் மருந்து அறை குழலைவிடக் குறுகல். கோலின் தடித்த நுனி அதற்குள் போகாது. பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சி விட்டுப் பாருங்கள். இரும்பில் இடித்தால் 'டிங்' என்று கேட்கும், மருந்திலோ குண்டிலோ இடித்தால் 'தொப்' என்று. சந்தேகம் வந்தால் கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.