ஸ்லோ குக்கரில் பிரெட்: மூடியில்தான் சூட்சுமம்

ஓவன் இல்லையே என்று பிரெட் ஆசையை ஒத்திப்போட வேண்டாம். குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரே போதும். மைதா 400 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு, சர்க்கரை தலா 1 டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 250 மில்லி. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து உருட்டி, பேக்கிங் பேப்பர் விரித்த குக்கருக்குள் வையுங்கள். தனியாகப் பொங்க விடத் தேவையில்லை. குக்கர் மெதுவாகச் சூடேறும்போதே மாவு உப்பிவிடும்.

கவனம் வேண்டியது மூடியில்தான். ஆவி அதில் முத்து முத்தாகக் கோத்து பிரெட்டின் மேலேயே சொட்டும். மேல்பக்கம் நசநசத்துப் போகும். மூடிக்கு அடியில் சுத்தமான பருத்தித் துண்டை இறுக்கமாக விரித்து, நுனிகளை மேலே கொண்டுவந்து முடிந்துவிடுங்கள். குக்கரின் சூடான பக்கங்களில் துணி தொங்கக் கூடாது.

குக்கரின் அதிக சூடான ‘ஹை’யில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும்; குக்கருக்குக் குக்கர் மாறும். ஒன்றரை மணி நேரம்வரை திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிரெட்டின் அடியில் தட்டினால் டொக்கென்று சத்தம் வரணும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 டிகிரி செல்சியஸ். மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும். சிவக்க வேண்டுமென்றால் சூடான தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் கவிழ்த்து வையுங்கள். நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும்.