கை கொடுப்பதற்கு முன் எதிரே இருப்பவரின் கையைப் பாருங்கள்

வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் பெண் மேலாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வாசலுக்கே போய் வரவேற்றேன். நான் கையை நீட்டிய அதே நொடியில் அவர் கைகூப்பினார். பதறிப்போய் கையை இழுத்துக்கொண்டு நானும் கும்பிட்டேன். எனக்குச் சங்கடமாகிவிடக் கூடாதே என்று அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். நான் மறுபடி நீட்ட, அவர் மறுபடி கூப்ப, பின்னால் தண்ணீர் பாட்டில்களோடு நின்ற பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

கை நீட்டியது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவருடைய கைகள் அதற்குள் மார்பை நோக்கி உயரத் தொடங்கியிருந்தன. நான் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நீட்டினேன், அதுதான் தவறு. வணக்கம் சொல்வதில் நாம் செய்யும் பிழைகளில் பாதி இந்த ஒரு பார்வை தவறுவதால் வருபவை. இன்னொன்று, தொடங்கியதை மாற்றக் கூடாது. அவர் கும்பிட்டதும் நானும் கும்பிட்டு அதோடு நின்றிருந்தால் பையனுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைத்திருக்காது.

பெண்களுக்கு ஆண்கள் முதலில் கை நீட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக அவர் நீட்டினால் கொடுங்கள், கூப்பினால் கூப்புங்கள். ஆனால் நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர்மாறான தவறு. மேசையைச் சுற்றி நான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் நிற்பார்கள். வருகிறவர் நால்வருக்கும் கை கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை நெருங்கும்போது மட்டும் கண்ணைத் தாழ்த்தித் தலையை லேசாக ஆட்டி அடுத்த ஆளிடம் போய்விடுவார். மரியாதை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அந்தப் பெண்தான் குழுவின் தலைவராகவும் இருக்கலாம். கூட்டம் தொடங்கும் முன்பே அவர் கணக்கில் இல்லை என்றாகிவிடுகிறது. எல்லோருக்கும் கை கொடுக்கத் தயக்கமாக இருந்தால் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிடலாம். ஒரே வரிசையில் இரண்டு விதம் வேண்டாம்.

அலுவலகத்தில் கைகுலுக்கலை விடத் தோள்தான் சிக்கலான இடம். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கணினித் திரையைப் பார்த்தபடி தோளில் கை வைத்துப் பேசும் மேலதிகாரிகள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். பாசம்தான் என்பார்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அந்த ஊழியர் திரும்ப வந்து உங்கள் தோளில் அதேபோல் தட்ட முடியுமா? முடியாது என்றால் நீங்களும் தட்ட வேண்டாம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத நடத்தைகளின் பட்டியலில் உடல் தொடுதலை முதலில் வைக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார் விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். ஒரு கைகுலுக்கலுக்காக யாரும் அங்கே போய் நிற்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தொடுதல் விரும்பத்தக்கதா இல்லையா என்பதைத் தொட்டவர் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் யாரையும் தொடாமல் இருப்பதே நல்லது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2020-இல் கொரோனா வந்தபோது உலகத் தலைவர்கள் பலர் கைகூப்பத் தொடங்கினார்கள். அப்போதைய இளவரசர் சார்லஸ் லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டு கும்பிட்ட காட்சியை எல்லோரும் பார்த்தோம். நம் முன்னோர் அறிவாளிகள் என்று வாட்ஸ்அப்பில் பெருமை பொங்கியது. இந்த மண்ணில் தொடாமல் இருந்ததற்குக் கிருமி மட்டும் காரணம் இல்லை என்பதை அந்தப் பெருமை வசதியாக மறந்தது. அதே நாட்களில் ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லும் பலருக்கு உறுத்தியது. ‘தனிமனித இடைவெளி’ என்று மாற்றிச் சொன்னார்கள். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் புது வீட்டு விழாவில் பொறியாளருக்குக் கை கொடுத்து, கொத்தனாருக்குத் தலையசைத்து, சித்தாளைப் பார்க்காமலேயே போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கும் கண்களுக்கு அதன் பொருள் தெரியும்.

விருந்து வீட்டுக்கு வருவோம். பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பவரிடம் போய் “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கையை நீட்டுபவர்கள் உண்டு. அவர் என்ன செய்வார் பாவம்? எச்சில் கையை மடக்கி மணிக்கட்டை நீட்டுவார், அல்லது முழங்கையை உயர்த்திக் காட்டுவார். இடது கையைக் கொடுக்க மனம் வராது. சிலர் பாதி எழுந்தும் விடுவார்கள். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிடுபவருக்குத் தூரத்திலிருந்து ஒரு புன்னகை போதும். கை கழுவும் இடத்திலும் அவசரப்படாதீர்கள். ஈரக் கையைக் கொடுப்பதா வேட்டியில் துடைப்பதா என்று அவர் தவிப்பார்.

அதே மண்டபத்தில் இன்னொரு காட்சி. ஐந்து வயதுப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்று கேட்பார்கள். பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். “கொடு கண்ணு, மாமா கோவிச்சுக்குவார்” என்று அம்மாவே அதை முன்னால் தள்ளுவார். பிடிக்காத தொடுதலுக்கு ‘வேண்டாம்’ சொல்லப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். வீட்டில் நாம் அந்தப் பாடத்தை அழித்துவிடுகிறோம். பிள்ளை வணக்கம் சொன்னால் போதும், டாட்டா காட்டினாலும் போதும். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

காலில் விழுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் அட்சதையோடு காத்திருக்கலாம். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. சுயமரியாதை வழியில் வந்த குடும்பங்களில் நீங்கள் குனிந்தால் தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், சிலர் கோபப்படவும் செய்வார்கள். முஸ்லிம் பெரியவர்களுக்குப் பொதுவாக இது சங்கடம்; இறைவனைத் தவிர யார் முன்னும் தலை தரையில் படக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. குனிவதற்கு முன் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கணம் பாருங்கள்.

பஸ்ஸில் நம் கால் யார் மீதாவது பட்டுவிட்டால், பட்டவரைத் தொட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அழகான பழக்கம்தான். ஆனால் கூட்ட நெரிசலில், முன்பின் தெரியாத பெண்ணின் கையையோ முழங்காலையோ தொட்டுக் கும்பிட்டால் ஒரு தவறு இரண்டாகிவிடும். அங்கே “மன்னிச்சுக்கங்க” என்று வாயால் சொன்னால் போதும்.

பார்வையற்றவரைச் சந்திக்கும்போது பேசாமல் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், கை கொடுக்கலாமா என்று கேளுங்கள், பிறகு நீட்டுங்கள். “நான் யார் சொல்லுங்க பார்ப்போம்” என்ற விளையாட்டு அவருக்கு அலுத்துப்போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது. ஸ்வீடனில் ஒரு நேர்காணலில் ஆணுடன் கைகுலுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணங்கிய முஸ்லிம் பெண்ணுக்கு அத்தோடு நேர்காணல் முடிந்துபோனது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று 2018-இல் அந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லி, 40,000 குரோனா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பக்கத்து நாடான டென்மார்க்கோ 2019 தொடக்கத்திலிருந்து குடியுரிமை விழாவில் கைகுலுக்குவதைக் கட்டாயமாக்கியது. நீட்டிய கையை எதிரே இருப்பவர் வாங்கவில்லை என்றால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கையை அப்படியே உங்கள் நெஞ்சுக்குக் கொண்டுபோய்த் தலையைச் சற்றுத் தாழ்த்துங்கள். எந்த ஊரிலும் அது புரியும்.

எழவு வீட்டுக்கு மட்டும் இவை எதுவும் பொருந்தாது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் போய் “வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. வந்தவரை ‘வாங்க’ என்று யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். பல ஊர்களில், இழந்தவரின் இரு கைகளையும் வந்தவர் தன் கைகளால் தொடுவார். அதில் குலுக்கலும் இல்லை, அழுத்தமும் இல்லை. உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள்; வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார்கூட அன்று விலக்கில்லை. சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கிளம்பும்போது “போய்ட்டு வர்றேன்” என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிடும், வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்துவிட வேண்டும்.