நெபியோலோ பயிரிட நினைப்பவர்களுக்கு

வடமேற்கு இத்தாலியின் பியமோன்தே மாநிலத்தில், லாங்கே குன்றுகளில் எங்களுடையது சின்னத் தோட்டம். அரை ஹெக்டேர் கூட வராது. பரோலோ ஒயினுக்கு நெபியோலோ திராட்சையைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த ரகத்தைச் சிறிய அளவில் வளர்ப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். நெபியோலோ சீக்கிரம் துளிர்க்கும், ஆனால் அக்டோபரில்தான் பழுக்கும். அதனால் தெற்கு, தென்மேற்கு பார்த்த சரிவுதான் வேண்டும். குளிர்காலத்தில் பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நடு என்பார்கள் இங்குள்ள பெரியவர்கள். பள்ளத்தில் உறைபனி தங்கித் துளிரைக் கருக்கிவிடும். குளிர்ச்சியான மூலை இருந்தால் செப்டம்பரிலேயே பழுக்கும் தொல்செத்தோ என்ற திராட்சை ரகத்தை வையுங்கள்.

அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றே வாங்குங்கள். வேரைத் தின்னும் ஃபிலோக்செரா பூச்சி இன்னும் மண்ணில் இருக்கிறது. ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். புதைந்தால் மேல்கொடி தன் வேரை விட்டுவிடும், பூச்சிக்கு வழி திறந்துவிடும். வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் போதும். முதல் இரண்டு வருடம் குலை வந்தால் கிள்ளிவிடுங்கள்.

அப்புறம் கவாத்து, அதாவது கொடிகளை வெட்டிவிடுவது. இந்த ரகத்தின் விளைச்சல் இதில்தான் இருக்கிறது. நெபியோலோ கொடியில் அடியிலுள்ள இரண்டு மூன்று கண்களில் (துளிர் வரும் மொட்டுகளில்) பெரும்பாலும் குலை வராது. வேறு ரகங்களைப் போல எல்லாவற்றையும் இரண்டு கண்ணுக்கு வெட்டினால் இலைதான் மிஞ்சும். ஆகவே போன வருடம் வளர்ந்த, பென்சில் தடிமனுள்ள, நன்றாக முற்றிப் பழுப்பேறிய கொடி ஒன்றை 8 முதல் 10 கண்களோடு விடுங்கள். அதற்குக் கீழே, தண்டை ஒட்டி, இரண்டு கண்ணுள்ள குச்சி ஒன்று. அடுத்த வருடக் கொடி அதிலிருந்து வரும். மீதி எல்லாம் போகட்டும். பழைய கட்டையை வெட்டும்போது ஒட்ட வெட்டாதீர்கள், காயம் உள்நோக்கிக் காயும். அந்தக் கட்டையின் தடிமன் அளவுக்கு முனை விடுங்கள். நீளக் கொடியை மழை பெய்த மறுநாள் வளைத்துக் கீழ்க்கம்பியில் கட்டுங்கள். ஈரத்தில் கொடி இளகியிருக்கும். வளைக்கும்போது மெல்லிய நெரிசல் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பிப்ரவரி கடைசி, மார்ச் சரியான நேரம். தாமதமாக வெட்டினால் துளிர்ப்பும் கொஞ்சம் தள்ளிப்போகும், உறைபனிக்கு அது நல்லது.

இலையின் அடியில் வெள்ளையாகப் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு இத்தாலியர்கள் 'மூன்று பத்து' கணக்கு வைத்திருக்கிறார்கள்: தளிர் 10 செ.மீ., மழை 10 மி.மீ., வெப்பம் 10 டிகிரி. மூன்றும் சேர்ந்தால் நோய் தொடங்கும். மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கலாம், ஆனால் செம்பு ஹெக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கோடையில் இலை செம்மை ஏறிச் சுருண்டு, கொடி முற்றாமல் ரப்பர் மாதிரி தொங்கினால் அது ஃபிளாவசென்சா தொராத்தாவாக இருக்கலாம். தத்துப்பூச்சி பரப்பும் நோய், மருந்து கிடையாது. மனம் கேட்காதுதான், ஆனாலும் செடியை வேரோடு பிடுங்குங்கள், பக்கத்துத் தோட்டமும் பிழைக்க வேண்டுமே.

ஜூலைக் கடைசியில் தளிருக்கு ஒரு குலை வைத்து மீதியை வெட்டுங்கள். இலை கிள்ளுவது காலை வெயில் படும் பக்கம் மட்டும். மாலைப் பக்கம் கிள்ளினால் பழம் வெந்துபோகும்.

அறுவடைக்கு நிறத்தை நம்பாதீர்கள். பழத்தை மென்று விதையைப் பாருங்கள்: பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டும். பச்சையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். பறிப்பது பனித்துளி காய்ந்த பிறகு, அடிப்பழம் நசுங்காத சின்னக் கூடைகளில்.