தசமத்துல தடுமாறுற பிள்ளைக்கு முழு எண்ணுல இருந்தே பயிற்சி குடுக்கறது எப்படி

அஞ்சாவது ஆறாவது படிக்கிற பிள்ளைகிட்ட 0.45 பெருசா 0.5 பெருசான்னு கேட்டு பாருங்க. நிறைய பிள்ளைங்க யோசிக்காம 0.45-ன்னு சொல்லும், ஏன்னா 45 அஞ்ச விட பெருசாச்சே. உடனே இதுக்கு தசமமே வரலன்னு முடிவு கட்டி அம்பது தசம கணக்கு இருக்கற ஒர்க்‌ஷீட்ட கையில குடுத்துடாதீங்க, அது முழு எண்ணுல கத்துக்கிட்டத அப்படியே இங்கயும் இழுத்துட்டு வந்துருக்கு, அவ்ளோதான். முழு எண்ண ஒரு பாடமாவும் தசமத்த வேற பாடமாவும் பிரிச்சு வச்சு பயிற்சி குடுக்கறதுதான் பிரச்சனைன்னு நான் நினைக்கிறேன். ரெண்டும் ஒரே இடமதிப்பு முறைதான், அதனால பயிற்சியும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்.

முதல்ல ஒரு கட்டம் போடுங்க. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று, அப்புறம் புள்ளி, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. இடது பக்கம் ஒரு இடம் நகந்தா பத்து மடங்கு, வலது பக்கம் நகந்தா பத்துல ஒரு பங்கு, புள்ளிய தாண்டுனாலும் இதே விதிதான். இங்க ஒரு கேள்வி வரும், "ஒன்றில் ஒன்றுன்னு ஏன் ஒரு இடம் இல்ல?" நல்ல கேள்வி, அடக்கிடாதீங்க. புள்ளிய நடுவா வச்சு பாத்தாதான் இந்த குழப்பம், ஒன்றுங்கற இடத்த நடுவா வச்சு பாருங்க, பத்துக்கு ஜோடி பத்தில் ஒன்று, நூறுக்கு ஜோடி நூறில் ஒன்று, சரியா வந்துடும். சைமன் ஸ்டீவின்னு ஒரு ஃப்ளெமிஷ் கணித அறிஞர் 1585-ல தசம பின்னங்கள் பத்தி எழுதுனப்ப புள்ளியே வைக்கல, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்துல வட்டத்துக்குள்ள 0, 1, 2, 3-ன்னு போட்டு அது எத்தனாவது இடம்னு காட்டுனாரு. எழுதறதுக்கு இழுவையான முறைதான், ஆனா ஆரம்பத்துல பிள்ளைங்கள இலக்கத்து மேல குட்டியா இடத்தோட பேர எழுத சொன்னா நல்லா வேலை செய்யுது.

அடுத்தது எண்ண விடுங்க. 0.7, 0.8, 0.9, அடுத்து என்ன? "0.10"-ன்னு பதில் வந்தா இன்னும் புள்ளிக்கு அந்த பக்கம் இருக்கறத தனி முழு எண்ணா பாக்குதுன்னு அர்த்தம். கூடவே 1097, 1098, 1099-க்கு அப்புறம் என்னன்னும் கேளுங்க, அங்கயும் சில பிள்ளைங்க 2000-ன்னு தாவும், ரெண்டும் ஒரே இடத்துல வர்ற சிக்கல். கால்குலேட்டர்ல 0.1, 0.1-ஆ கூட்டிக்கிட்டே போக சொல்லுங்க, ஆனா பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி என்ன வரும்னு வாயால சொல்லிட்டுதான் அழுத்தணும். பின்னாடியும் எண்ணணும், 2.03, 2.02, 2.01, 2, அப்புறம்? இங்கதான் நிறைய பேரு நின்னுடுவாங்க. வாசிக்கும்போது "புள்ளி நாப்பத்தஞ்சு"ன்னு சொல்ல விடாதீங்க, "புள்ளி நாலு அஞ்சு"ன்னே பழக்குங்க.

ஒப்பிடற கணக்குக்கு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க, பிள்ளை மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு இதுல தெரியற மாதிரி வேற எதுலயும் தெரியாது. ரெண்டே ஜோடி போதும்: 0.45-ம் 0.5-ம், அப்புறம் 0.456-ம் 0.3-ம். முதல் ஜோடில 0.45 பெருசுன்னு சொல்லிட்டு ரெண்டாவதுல சரியா 0.456-ன்னு சொன்னா, நீளமா இருந்தா பெருசுன்னு நினைக்குது. முதல் ஜோடில சரியா 0.5-ன்னு சொல்லிட்டு ரெண்டாவதுல 0.3 பெருசுன்னு சொன்னா அது வேற கதை, "ஆயிரத்துல ஒன்னு ரொம்ப சின்னது, அதனால நீளமா இருக்கற நம்பர் எல்லாம் சின்னது"ன்னு தானா ஒரு விதி பண்ணி வச்சிருக்கு. இந்த ரெண்டாவது வகை டெஸ்ட்ல பல கேள்விக்கு சரியாவே பதில் எழுதிடும், அதனால யாரும் கவனிக்கறதில்ல. ரெண்டு வகைக்கும் மருந்து ஒன்னுதான், 10-க்கு 10 கட்டம் போட்ட கிராஃப் பேப்பர், மொத்த நூறு கட்டமும் சேந்து 1. 0.5-ன்னா அஞ்சு வரிசை முழுசா, அதாவது அம்பது கட்டம், 0.45-ன்னா நாப்பத்தஞ்சு கட்டம், கலர் அடிச்சு பாக்கட்டும். 0.50-க்கும் அதே அம்பது கட்டம்தான், ஆனா 0.05-க்கு வெறும் அஞ்சு. பூஜ்யம் எங்க நின்னா மதிப்பு மாறும், எங்க நின்னா மாறாதுன்னு கண்ணுக்கே தெரிஞ்சிடும்.

போரடிச்சா ஒரு ஆட்டம். 0-ல இருந்து 9 வரைக்கும் சீட்டு எழுதி கவுத்து வைங்க, ஆளுக்கு மூணு காலி கட்டம், ஒரு சீட்டு எடுத்ததும் உடனே ஏதாவது ஒரு கட்டத்துல எழுதிடணும், அப்புறம் மாத்தக்கூடாது. பெரிய எண் வந்தவங்க ஜெயிச்சாங்க. முதல்ல முழு எண்ணா ஆடுங்க, அடுத்த ரவுண்டுல முதல் கட்டத்துக்கு அப்புறம் புள்ளி வச்சுட்டு ஆடுங்க. புள்ளி வந்தாலும் உத்தி மாறலங்கறத நீங்க சொல்லவே வேணாம்.

பத்தால பெருக்கறதுக்கு "பின்னாடி ஒரு பூஜ்யம் சேத்துக்கோ"ன்னு சொல்லிக்குடுக்கறத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க, முழு எண்ணுலயே சொல்லாதீங்க. 34 × 10 = 340 வரும் சரி, ஆனா அதே பிள்ளை அடுத்த வருஷம் 2.5 × 10 = 2.50-ன்னு எழுதிட்டு வந்து நிக்கும். ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் இடது பக்கம் போகுதுன்னு அந்த பழைய கட்டத்துலயே நகத்தி காட்டுங்க, 25 வந்துடும்.

கூட்டல் கழித்தல்ல பெருசா சொல்ல ஒன்னுமில்ல, புள்ளிக்கு நேரா புள்ளி. 12 + 3.7 போட சொன்னா வலது ஓரத்த ஒட்டி எழுதி 4.9-ன்னு வரும், 12-ஐ 12.0-ன்னு எழுத பழகிட்டா சரியாயிடும். கழித்தல்ல 5 − 2.38 குடுங்க, சில பிள்ளைங்க 38-ஐ அப்படியே இறக்கி 3.38-ன்னு போடும், சரியான விடை 2.62. இதுவும் 1000 − 357-ம் ஒரே வகைதான், பூஜ்யத்த தாண்டி போய் கடன் வாங்கணும். அதுல சிக்குற பிள்ளைக்கு 999 − 357 போட்டு ஒன்ன கூட்டிக்கோன்னு காட்டுங்க, 643, கடனே வேணாம்.

பெருக்கல்ல கணக்கு போடறதுக்கு முன்னாடி தோராயமா எவ்ளோ வரும்னு சொல்ல வைங்க. 4.8 × 2.1 கிட்டத்தட்ட 5 × 2, அப்போ பத்து பக்கம்தான் வரணும். 48 × 21 = 1008-னு நீங்களே குடுத்துட்டு, 4.8 × 2.1, 0.48 × 21, 0.48 × 2.1 மூணுக்கும் புள்ளி எங்க வரும்னு மட்டும் கேளுங்க (10.08, 10.08, 1.008). 0.3 × 0.2 ஏன் 0.6 இல்ல, 0.06-ன்னு கேட்டா மறுபடி கிராஃப் பேப்பர்தான், மூணு வரிசையும் ரெண்டு நெடுவரிசையும் சந்திக்கற இடத்துல ஆறு கட்டம்தான் இருக்கும்.

வகுத்தல்ல 618 ÷ 6 போட சொல்லி 13-ன்னு வருதான்னு பாருங்க. வந்தா தசமத்துக்கே போகாதீங்க, ஈவுல பூஜ்யம் போடறத சரி பண்ணிட்டு (103) அப்புறம் 7 ÷ 4-க்கு வாங்க, மீதி 3-ஐ முப்பது பத்தில் ஒன்றா மாத்தி தொடர்ந்து வகுத்தா 1.75. 6 ÷ 0.5-க்கு "ஆறுக்குள்ள எத்தன அரை இருக்கு"ன்னு கேட்டா போதும்.

புள்ளி வச்சதெல்லாம் தசமம் இல்லங்கறதையும் ஒரு நாள் பேசிடுங்க. 1.5 மணி நேரம்னா அது தசமம்தான், ஒன்றரை மணி, ஒரு மணி அஞ்சு நிமிஷம் கிடையாது. ஆனா கிரிக்கெட்ல 4.3 ஓவர்னா தசமம் இல்ல, நாலு ஓவரும் மூணு பந்தும், அதாவது நாலரை ஓவர்.

எவ்ளோ நேரம்னு கேட்டா ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், அஞ்சாறு கணக்கு, ஆனா கலந்து. ஒரே மாதிரி இருபது கணக்கு குடுத்தா மூணாவதுக்கு மேல கை மட்டும்தான் ஓடும். 1000 − 357, 5 − 2.38, ரெண்டு எண் ஒப்பிடறது, ஒரு தோராயம், ஒரு வகுத்தல், இப்படி. விடை தப்பா வந்தா "தப்பு"ன்னு சொல்லாம "எப்படி போட்ட"ன்னு கேளுங்க, சரியா வந்தாலும் அப்பப்ப கேளுங்க. தப்பா போனத நம்பர மட்டும் மாத்தி ரெண்டு நாள் கழிச்சு திரும்ப குடுங்க, 5 − 2.38 தப்புன்னா 8 − 3.46.