ஐபி தடுப்பு மென்பொருள் போட்டும் எதுவும் தடைபடவில்லையா? தவறு நடக்கும் இடங்கள்

ஐபி தடுப்பு மென்பொருள் செய்வது ஒரே ஒரு வேலை. கணினியிலிருந்து போகும், கணினிக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) முகவரியையும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் விடாமல் நிறுத்திவிடும். அவ்வளவுதான். உங்கள் ஐபி முகவரியை அது மறைப்பதில்லை. பட்டியலில் இல்லாத எல்லாத் தளங்களுக்கும் உங்கள் முகவரி தெரிந்துகொண்டுதான் இருக்கும். முகவரியை மறைக்கும் விபிஎன்னுக்குப் பதில் இது போதும் என்று நினைத்து நிறுவுவதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் தொடங்குகிறது.

பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் டோரண்ட் முறையைப் பயன்படுத்துகிறவர்களிடம் இந்த நம்பிக்கை அதிகம். பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் டோரண்ட் கண்காணிப்பை ஆராய்ந்தபோது, கண்காணிக்கும் முகவரிகள் பல அன்றைய தடுப்புப் பட்டியல்களில் இல்லவே இல்லை என்று கண்டார்கள். காரணம் எளிது. கண்காணிக்க நினைப்பவர் புதிய சர்வரை வாடகைக்கு எடுக்கச் சில நிமிடம் போதும். பட்டியல் அவரைப் பின்னால் துரத்திக்கொண்டேதான் வரும். தெரிந்த தீய சர்வர்களோடு கணினி பேசாமல் தடுக்க இந்த மென்பொருள் நல்ல கருவி. அடையாளத்தை ஒளித்துவைக்க இது கருவியே அல்ல.

பழைய வழிகாட்டியைப் பார்த்து பீர்பிளாக் போடுவது

இணையத்தில் தேடினால் இன்றும் அடிக்கடி வரும் பெயர் பீர்பிளாக் என்ற விண்டோஸ் ஐபி தடுப்பு மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பு 1.2, 2014 ஜனவரியில் வந்தது. அதன்பின் புதுப்பிப்பு இல்லை. ஐபிவி6 என்ற புதிய வகை நீண்ட முகவரிகள் அதற்குத் தெரியாது; பழைய வகையான ஐபிவி4 மட்டும்தான் தெரியும். இதைவிடப் பெரிய ஓட்டை அதன் முகப்பிலேயே இருக்கும் எச்டிடிபி பொத்தான். ஏதோ ஒரு தளம் திறக்கவில்லை என்று அதை அனுமதி என்று மாற்றினால் வலைத்தளங்கள் பயன்படுத்தும் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களும் (இணைப்பு வாசல்கள்) பட்டியலைத் தாண்டிப் போய்விடும். இன்றைய வலைப் போக்குவரத்தில் பெரும்பகுதி, உங்கள் உலாவலைப் பின்தொடரும் டிராக்கர்கள் உட்பட, 443 வழியாகத்தான் போகிறது. அந்தப் பொத்தானை அழுத்தியபின் மென்பொருள் ஓடுகிற மாதிரி தெரியும், ஆனால் உலாவியைப் பொறுத்தவரை அது இல்லாதது போலத்தான்.

டோரண்டுக்கு மட்டும் என்றால் கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளுக்குள்ளேயே ஐபி வடிகட்டி இருக்கிறது. அமைப்புகளில் கனெக்‌ஷன் பகுதியின் கடைசியில் பாருங்கள். கோப்பின் பின்னொட்டை வைத்துத்தான் அது வடிவத்தை முடிவு செய்கிறது: டேட், பி2பி, பி2பி-யின் பைனரி வடிவம் ஆகிய மூன்று மட்டும். இறக்கிய ஜிசிப் கோப்பை விரிக்காமலோ, டெக்ஸ்ட் கோப்பாகவோ கொடுத்தால் ஏறாது. எத்தனை விதிகள் ஏறின என்று எக்ஸிக்யூஷன் லாக்கில் ஒரு வரி வரும். அந்த எண் பூஜ்யமாகவோ பட்டியலின் அளவுக்குப் பொருந்தாமல் மிகக் குறைவாகவோ இருந்தால் வடிவம் தவறு. அந்த ஒரு வரியைப் பார்க்காமல் விடுகிறவர்களே அதிகம்.

விண்டோஸ் ஃபயர்வாலில் தவறான பெட்டி

விண்டோஸில் கூடுதல் மென்பொருள் இல்லாமலே ஐபி வரம்புகளைத் தடுக்கலாம். ஆனால் இங்கே மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்.

ஒன்று, விதியை இன்பவுண்டில் (உள்ளே வரும் போக்குவரத்துக்கு) மட்டும் எழுதுவது. கேட்காமல் வரும் இணைப்புகளை விண்டோஸ் இயல்பாகவே தடுக்கிறது. வெளியே போவதைத்தான் இயல்பாக அனுமதிக்கிறது. உங்கள் தகவலை வெளியே கொண்டுபோகும் நிரல் தானாகத்தான் இணைப்பைத் தொடங்கும். ஆகவே அவுட்பவுண்ட் (வெளியே போவதற்கான) ரூல்ஸில் புதிய விதி, கஸ்டம் வகை, எல்லா நிரல்களும், எல்லா புரோட்டோகாலும் என்று போக வேண்டும்.

அடுத்து வரும் ஸ்கோப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். மேலே லோக்கல் ஐபி, கீழே ரிமோட் ஐபி. கை தானாக மேல் பெட்டிக்குப் போகும். மேலே எழுதினால் அது உங்கள் கணினியின் சொந்த முகவரியோடு ஒப்பிடப்படும். ஒருநாளும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. தடுக்க வேண்டியவை கீழ்ப் பெட்டியில் வர வேண்டும். புரொஃபைல் பக்கத்தில் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றையும் டிக் செய்யுங்கள். வீட்டு வைஃபையை பிரைவேட் என்று வைத்துவிட்டு பப்ளிக்கை மட்டும் டிக் செய்தால் வீட்டில் விதி வேலை செய்யாது.

மூன்றாவது, விலக்கு கொடுக்கும் முறை. வங்கித் தளம் திறக்கவில்லை என்று அந்த முகவரிக்கு ஓர் அனுமதி விதி எழுதுவார்கள்; பயனிருக்காது. விண்டோஸ் ஃபயர்வாலில் வரிசை என்று எதுவும் இல்லை, சாதாரண அனுமதி விதியைத் தடை விதி வென்றுவிடும். தடை விதிக்குள் போய் அந்த வரம்பை இரண்டாகப் பிரித்து, தேவையான முகவரியை வெளியே விட வேண்டும்.

ஐபிவி4 கதவை மட்டும் சாத்துவது

ஜியோ போன்ற இணைப்புகளில் ஐபிவி6 பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு தளத்துக்கு இரண்டு முகவரியும் இருந்தால் உலாவி பெரும்பாலும் ஐபிவி6ஐத்தான் முதலில் எடுக்கும். ஐபிவி4 பட்டியலில் லட்சம் வரி இருந்தாலும் அந்தப் போக்குவரத்தை அது தொடாது. ஐபிவி6ஐ அணைத்துவிடுவது சுருக்குவழி. அதனால் வேறு சிக்கல்கள் வரும். ஐபிவி6 வரம்புகளுக்குத் தனிப் பட்டியல் சேர்ப்பதே சரி. அதில் ஒற்றை முகவரியாகத் தடுக்காமல் குறைந்தது /64 அளவில் (முதல் 64 பிட்கள் ஒன்றாக உள்ள எல்லா முகவரிகளையும் சேர்த்து) தடுங்கள். ஒரே கணினி அந்த வரம்புக்குள் முகவரியை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ள முடியும்.

விளம்பரத்தை ஐபியால் தடுக்கப் பார்ப்பது

பல தளங்களுக்கு முன்னால் நின்று பக்கங்களை வழங்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகளில் ஒரே ஐபிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கும். 2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பதிப்புரிமை வழக்கு ஒன்றுக்காகக் கிளவுட்ஃபிளேரின் 11 ஐபிகளைத் தடுத்தபோது, வழக்கோடு தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களும் அங்கே திறக்காமல் போயின. உங்கள் கணினியில் ஒரு டிராக்கரின் ஐபியைத் தடுத்தாலும் அதே கதைதான். டிராக்கர் நாளை வேறு ஐபிக்கு மாறிவிடும். உங்களுக்குத் தேவையான தளம் இன்று நின்றுவிடும். விளம்பரம், டிராக்கர் இரண்டுக்கும் தளப் பெயர் அடிப்படையில் வீட்டு நெட்வொர்க் முழுக்கத் தடுக்கும் பை-ஹோல் அல்லது ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சிதான் பொருத்தம்.

வரம்பின் அளவிலும் கவனம் வேண்டும். /24 என்றால் 256 முகவரிகள், /16 என்றால் 65,536. /24 என்று எழுத நினைத்து 4ஐ விட்டு /2 என்று எழுதினால் ஐபிவி4 உலகத்தில் கால் பங்கு போய்விடும்.

பட்டியல்களை அள்ளிப்போடுவது

தீய ஐபிகளைத் தொகுத்து இலவசமாகத் தரும் ஃபயர்ஹோல் லெவல் 1 நல்ல பட்டியல். ஆனால் இணையத்தில் தென்படக் கூடாத முகவரிகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, 100.64.0.0/10. வீட்டுக் கணினியில் அப்படியே போட்டால் ரவுட்டர் பக்கம், பிரிண்டர் எல்லாம் நின்றுவிடும். உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் வைத்திருந்தால் அதுவும் நிற்கும், ஏனென்றால் அது 100.64 வரம்பைத்தான் பயன்படுத்துகிறது. இந்த நான்கையும் எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

ஸ்பாம்ஹாஸ் அமைப்பு வெளியிடும் டிராப் என்ற தீய ஐபி வரம்புப் பட்டியலை நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி மறுபடி இறக்கினால் உங்கள் ஐபியையே அவர்கள் தடுக்கக்கூடும். புதுப்பிக்கும் ஸ்கிரிப்டில் ஒரு பாதுகாப்பு கட்டாயம்: இறக்கிய கோப்பின் வரிகளை எண்ணிப் பார்த்து, முந்தையதைவிடப் பாதிக்கும் கீழே என்றால் பழையதையே வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலுக்குப் பதில் பிழைப் பக்கம் ஒன்று வந்து, ஸ்கிரிப்ட் பழையதை அழித்துவிட்டால் எந்தத் தடையும் இல்லாமல் கணினி ஓடிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் சர்வரில்

லினக்ஸில் ஐபி பட்டியலை ஒரு செட்டாக வைத்திருக்கும் கருவி ஐபிசெட். அதன் இயல்பு வரம்பு 65,536 பதிவுகள். அதைத் தாண்டினால் மீதி ஏறாது. செட்டை உருவாக்கும்போதே மேக்ஸ்எலம் (அதிகபட்சப் பதிவுகள்) மதிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் செட்டைக் காலி செய்யாமல், தற்காலிக செட்டில் ஏற்றி ஸ்வாப் செய்தால் (இரண்டையும் இடம் மாற்றினால்) இடைவெளி விழாது.

ரீபூட் இன்னும் ஆபத்தானது. ஐபிசெட் நினைவகத்தில்தான் இருக்கிறது. சர்வர் எழும்போது செட் உருவாகும் முன்னே ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகளை மீட்கப் பார்த்தால், இல்லாத செட்டைச் சுட்டும் ஒரே ஒரு வரிக்காக அந்த மொத்த மீட்பும் தோற்கும். அந்த விதி மட்டுமா போகிறது? அதே தொகுதியில் உள்ள மற்ற விதிகளும் சேர்ந்தே போகும். செட்டை முதலில் மீட்கும்படி வரிசை வைத்து, ஒருமுறை ரீபூட் செய்து கண்ணால் பாருங்கள்.

டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி உறைகளில் ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் ஐபிடேபிள்ஸின் இன்புட் செயினில் (விதி வரிசையில்) எழுதிய தடை கன்டெய்னர்களுக்குப் பொருந்தாது. வெளியே திறந்த கன்டெய்னர் போர்ட்களுக்கு வரும் பாக்கெட் ஃபார்வர்டு என்ற வேறு செயின் வழியாகப் போகிறது. டாக்கர்-யூசர் செயினில் எழுத வேண்டும்.

விபிஎன் சேரும்போது

தடுப்பு ரவுட்டரில், விபிஎன் கணினியில் என்று இருந்தால் ரவுட்டருக்குத் தெரிவது விபிஎன் சர்வரின் முகவரி ஒன்றுதான். உள்ளே யாரோடு பேசினாலும் அதற்குத் தெரியாது. தடுப்பைக் கணினியிலேயே வையுங்கள்.

சோதிக்கும் விதம்

192.0.2.1 போன்ற முகவரியைப் பட்டியலில் சேர்த்து, பதில் வரவில்லை, ஆகவே வேலை செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அது ஆவண உதாரணங்களுக்காக ஒதுக்கிய வரம்பு. தடுக்காவிட்டாலும் பதில் வராது. பதில் தரும் முகவரியை எடுங்கள். 1.1.1.1ஐ உலாவியில் திறந்து பார்த்து, பிறகு பட்டியலில் சேர்த்து மறுபடி திறங்கள். உங்கள் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சர்வர்) அதுவே என்றால் அதற்குப் பதில் 9.9.9.9ஐ பிங் செய்யலாம். அடுத்து ஐபிவி6க்கு 2606:4700:4700::1111 முகவரியையும் அதேபோல் முன்னும் பின்னும் பிங் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் இவற்றை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸில் தடுத்த பாக்கெட்டுகளின் பதிவு இயல்பாக அணைந்திருக்கும். ஃபயர்வால் பண்புகளில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் லாகிங் பகுதியில் அதை இயக்க வேண்டும். டோரண்டை மூடிய பிறகும் அந்தப் பதிவில் வரி வரியாக ஓடும். உங்களோடு கோப்பு பகிர்ந்த பழைய பியர்கள் (மற்ற டோரண்ட் பயனர்கள்) உங்கள் போர்ட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது தாக்குதல் அல்ல. அதைப் பார்த்துப் பயந்து புதிய வரம்புகளைச் சேர்க்க வேண்டியதில்லை.