கொய்யாக் கிளையில் விண்பதியம் போடுவது எப்படி?

ருசியான கொய்யாவின் விதையை ஊன்றினால் அதே ருசி வரும் என்று நம்பிவிட வேண்டாம். விதைக் கன்று தாய்மரத்தைப் போலக் காய்க்கலாம், காய்க்காமலும் போகலாம். லக்னோ 49 ரகத்தின் பழமே வேண்டுமென்றால் கிளையைத்தான் கன்றாக்க வேண்டும். கிளை மரத்தில் இருக்கும்போதே வேர் விடவைத்துப் பிறகு வெட்டி எடுப்பது விண்பதியம். மழைக்காலத் தொடக்கம் இதற்கு ஏற்ற நேரம்.

பென்சில் பருமனில், பட்டை பழுப்பேறிய கிளையாகப் பாருங்கள். நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடால் சுற்றிக் கீறுங்கள். அதற்கு 2 முதல் 3 செ.மீ. கீழே இன்னொரு கீறல். இடையிலுள்ள பட்டையை வளையமாக உரித்துவிடுங்கள். இதற்கென்று விற்கும் ஒட்டுக்கத்தி வீண் செலவு.

பெரும்பாலான பதியங்கள் கெடுவது இதற்கடுத்த வேலையில்தான். பட்டை உரிந்த கட்டையைத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்புதான் கேம்பியம், அதாவது புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம். அதை விட்டுவைத்தால் புதுப்பட்டை வளர்ந்து மேலும் கீழும் மறுபடி சேர்ந்துகொள்ளும். கிளை செழிப்பாகவே நிற்கும், வேர் மட்டும் வராது. விரலில் சொரசொரப்புத் தட்டும்வரை சுற்றிலும் சுரண்டுங்கள். கிளை வாடிவிடுமோ என்ற பயம் வேண்டாம். தண்ணீர் கட்டையின் வழியே ஏறிக்கொண்டுதான் இருக்கும். இலைகள் தயாரித்த உணவும், வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்ற இயக்குநீரும் பட்டை வழியே இறங்கி, வெட்டின் மேல் விளிம்பில் தேங்கும். வேர் அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே வேரூக்கித் தூள் பூசுபவர்கள் மேல் விளிம்பில் பூசினால் போதும்.

ஊறவைத்த தென்னைநார்க் கழிவைச் சொட்டு விழாதபடி பிழிந்து, வெட்டு மறையும்படி ஒரு கைப்பிடி அப்புங்கள். ஸ்பாக்னம் பாசி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதன் விலைக்குக் கொய்யாப் பழமே வாங்கித் தின்னலாம். உள்ளே தெரியும்படியான பாலிதீன் தாளால் சுற்றி, இரு முனைகளையும் இறுக்கிக் கட்டுங்கள். சணல் மழையில் மக்கிவிடும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக நறுக்கிக் கட்டினால் அசையாது.

ஒன்றரை, இரண்டு மாதங்களில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். உடனே வெட்ட ஓடாதீர்கள். அவை பழுப்பேறிப் பந்து முழுக்கப் படர்ந்தபின், பந்துக்குக் கீழே வெட்டுங்கள். தாளை மட்டும் கழற்றி, பந்து உதிராமல் தொட்டியில் நட்டு, பாதி இலைகளைக் கிள்ளிவிட்டுச் சில வாரம் நிழலில் வையுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலருக்கு உள்ளே அழுகிவிட்டதாம். மேல்கட்டு தளர்ந்து மழைநீர் இறங்கினால் அப்படி ஆகும். நேர்வெயில் படும் கிளையென்றால் பாலிதீனின் மேல் அலுமினியத் தாளையும் சுற்றுங்கள். வேர் வந்துவிட்டதா என்று அதைத் திறந்து பார்க்கலாம். பாலிதீனைப் பிரிக்கக் கூடாது. இன்னொன்று, பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. தரையில் நட்டதும் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள், காற்றுக்குச் சாயாது.